கிளட்ச் மிதி இல்லை, கிளட்ச் இருக்கிறது

திருவனந்தபுரத்தில் பட்டத்திலிருந்து பாளையம் பக்கம் வரும்போது, பிளாமூடு தாண்டியதும் சாலை சட்டென்று தலை நிமிரும். அங்கிருந்து பி.எம்.ஜி. வரை ஏற்றம்தான். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நோயாளிகளை ஆர்.சி.சி., ஸ்ரீசித்திரா மருத்துவமனைகளுக்கு அழைத்து வருகிறவர்கள் ஊர் திரும்பும்போது இந்த ஏற்றத்தைப் பார்த்திருப்பார்கள். ஏழு குன்றுகளின் ஊர் என்று இதைச் சொல்வது வழக்கம். பக்கத்திலேயே ஒரு குன்றின் உச்சியில்தான் 1837-ல், சுவாதித் திருநாள் காலத்தில், வானாய்வுக் கூடம் கட்டினார்கள். நட்சத்திரம் பார்க்க உயரம் தேடியவர்களுக்கு அது அருமையான ஊர். சிக்னலில் நின்று மறுபடி வண்டியை எடுக்க வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் சோதனையான ஊர்.

அந்த ஏற்றத்தில் ஏழு பேரோடு ஒரு வேன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. முன்னால் வரிசை நகர்கிறது. டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டுபோகிறார். அந்த நொடிப்பொழுதில் வேன் பின்னால் உருள்கிறது. ஒட்டி நின்ற ஸ்கூட்டர்காரர் பதறி ஹாரன் அடிக்கிறார். வண்டிக்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஆட்டோமேட்டிக் வண்டிதானே அண்ணே, இது எப்படிப் பின்னால போகுது?"

நல்ல கேள்வி. சாயா ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை என்பதால் மெதுவாகவே போவோம்.

அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் கிடையாது, கிளட்ச் இல்லாததால் ஏற்றத்தில் வண்டி தானாக நிற்கும் என்ற நம்பிக்கை. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் இது ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்திருப்பார். அங்கே அவர் ஓட்டியது ஆட்டோமேட்டிக் வண்டி. "பிரேக்கை விட்டாலே வண்டி முன்னால நகரும், ஏற்றத்திலும் அப்படியே நிற்கும்" என்று ஊருக்கு வந்து சொல்லியிருப்பார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் ஓட்டியதும் இங்கே நாம் வாங்கியதும் பெரும்பாலும் வேறு வேறு இயந்திரங்கள். பெயர்தான் ஒன்று.

2014 பிப்ரவரியில் மாருதி சுசுகி செலேரியோ வந்தது. சாமானியக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஆட்டோமேட்டிக் என்பது இந்தியாவில் அதிலிருந்துதான் பரவலானது. அதில் இருந்தது ஏ.எம்.டி. என்ற வகை. பிறகு பல நிறுவனங்கள் அந்த வழியில் வந்தன. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகும் ரெனோ டிரைபர் 2019-ல் வந்தது. ஏழு பேர் உட்காரும் அந்த வண்டிக்கு 2020-ல் ஏ.எம்.டி. கிடைத்தது. சாதாரண கியர் வண்டியைவிட அரை லட்சம் ரூபாய் அளவுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் போதும் என்பது இந்த வகையின் பெரிய கவர்ச்சி. அவ்வளவு குறைந்த விலையில் எப்படி முடிந்தது என்று கேட்டோமானால் விஷயத்தின் பாதி விளங்கிவிடும்.

முடிந்ததற்குக் காரணம், அவர்கள் புதிய கியர்பாக்ஸ் எதையும் செய்யவில்லை. நாம் காலங்காலமாக ஓட்டிய அதே கையால் போடும் கியர்பாக்ஸ், அதே கிளட்ச், அதே பிளேட். அதன் மேல், பெரும்பாலும், ஒரு சிறிய எண்ணெய்ப் பம்பும் சில வால்வுகளும் ஒரு கணினியும் வைத்தார்கள். நம் இடது கால் செய்த வேலையை எண்ணெய் அழுத்தம் செய்கிறது. நம் இடது கை செய்த வேலையையும் அதுவே செய்கிறது. எடுத்துவிட்டது மிதியை மட்டும்தான். கிளட்ச், இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் ஏற்றத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும்.

கிளட்ச் என்பது என்ன? இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று, அதுதான் ஃப்ளைவீல். கியர்பாக்ஸோடு சேர்ந்து சுற்றும் சன்னமான பிளேட் ஒன்று. அதன் இரு முகத்திலும் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் இந்தப் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. முழுதாக அழுத்தியிருந்தால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். முழுதாக விட்டுவிட்டால் இன்ஜின் தனி, சக்கரம் தனி. இரண்டுக்கும் நடுவே, பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இருக்கும் நிலைதான் டிரைவர்கள் சொல்லும் 'ஹாஃப் கிளட்ச்'. நின்ற வண்டி நகர வேண்டுமென்றால் அந்த நிலையைக் கடந்துதான் ஆக வேண்டும்.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். நிறைந்த வாளி கயிற்றில் தொங்குகிறது. கயிற்றை இறுகப் பிடித்திருக்கும்வரை உள்ளங்கைக்கு ஒன்றும் ஆகாது. பாரம் தெரியும், அவ்வளவுதான். கயிற்றைத் தூணில் ஒரு சுற்று சுற்றிக் கட்டிவிட்டால் அந்தப் பாரமும் தெரியாது. ஆனால் கயிற்றைக் கைக்குள் வழுக்க விட்டால்? ஒரே நொடியில் தோல் பொசுங்கும். வாளியின் கனம் கையைச் சுடுவதில்லை. கனத்தோடு சேர்ந்த வழுக்கல்தான் சுடுகிறது. கிளட்ச் பிளேட்டின் வாழ்க்கையும் இதுதான். இறுகப் பிடித்த கிளட்ச் தேய்வதில்லை, முழுக்க விட்ட கிளட்சும் தேய்வதில்லை. பாரத்தோடு வழுக்கும் கிளட்ச்தான் கருகுகிறது. பிரேக் என்பது தூண்.

இப்போது அந்த வேனுக்குத் திரும்புவோம். காலி வண்டி ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு என்றால், ஏழு பேரும் பைகளும் சேர்ந்து 1,500 கிலோ ஆகிவிடும். சாலை பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது என்று கொள்வோம். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ பாரம், வண்டியை ஓயாமல் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிரேக்கை விட்டு, வேறெதுவும் பிடிக்காமல் இருந்தால் முதல் நொடியில் வண்டி ஒன்றரை அடிக்குள் உருளும். ஒன்றரை நொடியில் மூன்றடி. இரண்டு நொடியில் ஐந்தடிக்கு மேல். காலை ஒரு மிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு கணினி பார்த்து, பம்ப் எண்ணெயை நகர்த்தி, கிளட்சைப் பிடிக்க இன்னொரு அரை நொடியோ ஒரு நொடியோ. கூட்டிப் பாருங்கள். பின்னால் நிற்கும் ஸ்கூட்டரின் முன்சக்கரம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

நாமே மிதிக்கும் கிளட்ச் வண்டியில் இப்படி ஆவதில்லையே என்று தோன்றும். நல்ல டிரைவராக இருந்தால் ஆவதில்லை. காரணம், பிரேக்கில் வலது கால் இருக்கும்போதே இடது காலால் கிளட்சை மெல்ல விட்டு, அது பிடிக்கத் தொடங்கும் இடத்தை அவர் உணர்ந்துவிடுகிறார். இன்ஜின் சத்தம் சற்றே கனக்கும், வண்டியின் மூக்கு லேசாக எழும்பும். அப்புறம்தான் பிரேக்கை விடுவார். இரண்டு காலும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்கின்றன. ஏ.எம்.டி.யின் கணினிக்கு அந்த வசதி இல்லை. பிரேக் மிதியில் கால் இருக்கிறதென்றால் வண்டி நிற்க வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள். ஆகவே கிளட்சை முழுதாக விட்டு வைத்திருக்கும். இன்ஜின் நின்றுபோகாமல் இருக்க அதுதான் வழி. பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகுதான் அது வேலையைத் தொடங்குகிறது.

இதனால்தான் "இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்தால் சரியாகிவிடும்" என்று சிலர் தரும் யோசனை இந்த வகை வண்டிகளில் பலிப்பதில்லை. பிரேக் விளக்கு எரிகிறவரை கிளட்ச் திறந்தே இருக்கும். இன்ஜின் மட்டும் வீணாக உறுமும். பழக்கமில்லாத இடது கால் பிரேக்கில் இருப்பதே தனி ஆபத்து.

புதிய ஏ.எம்.டி. வண்டிகளில், பிரேக்கை விட்டதும் கணினி கிளட்சைக் கொஞ்சமாகப் பிடிக்க வைத்து வண்டியை ஊர வைக்கும். சமதளத்தில் இது மிக வசதி. ஏற்றத்தில் அந்தக் கொஞ்சப் பிடிப்பு 150 கிலோ இழுப்பைத் தாங்காது. வண்டி நகராமல் நிற்கும், அல்லது மெல்லப் பின்னால் நழுவும். இரண்டிலும் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. வண்டிக்குள் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

அந்தத் தெரியாமைதான் பெரிய கேடு. பின்னால் உருண்டால் பயந்து பிரேக் போடுவோம். அதனால் பெரும்பாலும் உயிர் தப்பும். கிளட்சைக் கொல்வது இன்னொரு பழக்கம். ஏற்றத்தில் வரிசை நிற்கிறது. பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் நிறுத்தி வைக்கிறோம். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பார்க்க நேர்த்தியாக இருக்கும். கையால் கியர் போடும் வண்டியில் இப்படிச் செய்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமாவே "ஹாஃப் கிளட்ச்ல நிக்காதே" என்று அதட்டுவார். ஆட்டோமேட்டிக்கில் மிதியே இல்லை; அதனால் அதட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. உள்ளே நடப்பது அதே ஹாஃப் கிளட்ச்தான்.

எவ்வளவு சூடாகும்? தோராயமாகக் கணக்குப் போடலாம். அந்த 150 கிலோ இழுப்பை முதல் கியர் வழியாக கிளட்ச் தாங்குகிறது, இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. இன்ஜின் கொடுக்கும் வேலையெல்லாம் எங்கே போகும்? பிளேட்டில் வெப்பமாக இறங்குகிறது. ஏறக்குறைய 4 கிலோவாட் வரும். வீட்டுக் குளியலறைக் கீசர் பலவும் 2 கிலோவாட்தான். இரண்டு கீசர்களின் மொத்தச் சூட்டையும், மூடிய பெட்டிக்குள் இருக்கும் சில கிலோ இரும்பின் மேல் காட்டுகிறோம். ஐந்து நொடி என்றால் பரவாயில்லை. சிவப்பு விளக்கு மாறும்வரை ஒரு நிமிடம் முழுக்க என்றால், அடுத்த சிக்னலில் அந்தக் கருகல் வாடை வரும். வேறொரு வண்டியிலிருந்து வருகிறது என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவோம்.

வளைகுடா வண்டி ஏன் நின்றது என்பதைச் சொல்லாவிட்டால் அந்த உறவினருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அது டார்க் கன்வெர்ட்டர் வகை. எண்ணெய் நிறைந்த ஒரு மூடிய உருளைக்குள் இதழ்கள் வைத்த இரண்டு சக்கரங்கள் எதிரெதிரே இருக்கும். ஒன்றை இன்ஜின் சுற்றுகிறது. அது வீசும் எண்ணெய் மற்றதன் இதழ்களில் மோதி அதைச் சுற்ற வைக்கிறது. நடுவில் மூன்றாவதாக ஒரு சிறிய சக்கரம் எண்ணெயைத் திருப்பி விடுவதால், வண்டி கிளம்பும் நேரத்தில் இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-ல் கப்பல்களுக்காக யோசித்தது இது. கிளம்பும்போது இதில் உரசும் பிளேட் இல்லை, எண்ணெய்தான் தள்ளுகிறது. இன்ஜின் சும்மா ஓடும்போதும் அந்த எண்ணெய் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சாதாரண ஏற்றத்தில் வண்டி நின்று கொடுக்கிறது. மிகச் செங்குத்தான இடத்தில் அதுவும் பின்னால் வரும். ஆக்ஸிலரேட்டரால் நிறுத்தி வைத்தால் அதிலும் எண்ணெய் கொதிக்கும். ஆனால் எண்ணெயைக் குளிரவைக்கத் தனி ஏற்பாடு இருப்பதால் தண்டனை அவ்வளவு சீக்கிரம் வராது. இன்னோவா கிரிஸ்டாவின் ஆட்டோமேட்டிக்கும் எர்டிகாவின் ஆட்டோமேட்டிக்கும் இந்த வகை.

மூன்றாவதாக டி.சி.டி. என்று ஒன்று உண்டு. கியா கேரன்ஸ் போன்ற வண்டிகளில் வருவது. கியர் மாறுவது கண்ணுக்கே தெரியாத அளவு வழவழப்பு. அதில் ஒன்றுக்கு இரண்டு கிளட்ச். ஏற்றத்தில் அந்தரத்தில் நிறுத்தி வைப்பது அங்கேயும் கூடாது.

நம் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் கியர் லீவரைப் பார்த்தால் போதும். 'பி' என்ற எழுத்து, அதாவது நிறுத்தி வைக்கும் இடம், இருக்கிறதா? இல்லாமல் ஆர், என், டி என்று தொடங்கி, கையால் மாற்ற ஒரு எம்-மோ ப்ளஸ் மைனஸோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ஏ.எம்.டி. உள்ளே நம் பழைய கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஹில் ஹோல்டு. இந்த வசதி இருக்கிற வண்டியில், ஏற்றத்தில் நிற்கிறோம் என்பதை ஒரு உணரி கண்டுபிடிக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக் குழாயில் இருக்கும் எண்ணெய் அழுத்தத்தை வால்வு ஒன்று இரண்டு மூன்று நொடி பிடித்து வைத்திருக்கும். அதற்குள் காலை மாற்றி ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட வேண்டும். யோசனை புதிதல்ல, அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1936-லேயே கிளட்ச் மிதி வண்டிகளுக்கு இப்படி ஒன்றைத் தந்தது. நம் ஊரில் 2014-ன் செலேரியோவில் இது இல்லை. 2021-ல் வந்த புதிய செலேரியோவின் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது. பழைய வண்டியை வாங்கப்போகிறவர்கள், அதுவும் இந்த ஊரில் ஓட்டப்போகிறவர்கள், மியூசிக் சிஸ்டத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். இருக்கிறதென்றாலும் கணக்கு இரண்டு மூன்று நொடிதான் என்பதை மறக்கக்கூடாது. அதை நம்பி பிரேக்கை விட்டுவிட்டு பின் சீட்டுக்காரருக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹில் ஹோல்டு இல்லாத வண்டிக்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது. கிளட்ச் மிதி வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய வித்தைதான். ஆட்டோமேட்டிக்கில் அது தேவையே இல்லை என்று நினைத்து விட்டுவிட்டோம். உண்மையில் ஏ.எம்.டி.யில்தான் அது இன்னும் அழகாக வேலை செய்கிறது. கால் பிரேக்கை மிதித்தால் கணினிக்குத் தெரிந்து கிளட்சைத் திறந்துவிடும் என்று பார்த்தோம். லீவரை இழுக்கும் ஹேண்ட்பிரேக் பெரும்பாலான வண்டிகளில் கணினியின் வேலையில் குறுக்கிடுவதில்லை. எனவே ஏற்றத்தில் நின்றதும் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, கியரை 'என்'-இல் வைத்துவிட்டுக் காலை எடுத்துக்கொள்ளலாம். கிளம்பும் நேரம் வந்ததும் பிரேக்கை மிதித்து 'டி'-க்கு மாற்றி, வலது காலை ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டுபோய் மெதுவாக, ஆனால் சீராக மிதிக்க வேண்டும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் இன்ஜின் சத்தம் கனக்கும். வண்டி முன்னால் போகத் துடித்து ஹேண்ட்பிரேக்கோடு மல்லுக்கட்டுவது இருக்கையிலேயே தெரியும். அந்தக் கணத்தில் லீவரை இறக்கினால் வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் வராமல் கிளம்பும். வெறும் சாலை ஒன்றில், பின்னால் யாரும் இல்லாதபோது ஒரு மாலை முழுக்கப் பழகினால் கைக்கு வந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம். பயத்தில் மிகமிக லேசாக மிதிக்கிறவர்கள்தான் கிளட்சை அதிகம் தேய்க்கிறார்கள். லேசாக மிதித்தால் கணினியும் தயங்கித் தயங்கிப் பிடிக்கிறது, வழுக்கல் நீள்கிறது. ஏற்றத்தில் சற்றுத் தாராளமாகவே மிதிக்கலாம். அதேபோல, வரிசை ஊர்ந்து நகரும்போது முன்வண்டி ஓரடி நகர்ந்ததும் நாமும் ஓரடி நகர வேண்டியதில்லை. ஒரு வண்டி நீளத்துக்கு இடம் விழட்டும். பிறகு ஒரே மூச்சில் போய்ச் சேருவோம். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் ஓட்டுநர் சோதனை பற்றிச் சொல்லும் 15-ஆம் விதி, செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கையோ, ஆக்ஸிலரேட்டரையும் கால் பிரேக்கையுமோ சரியாகப் பயன்படுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கத் தெரிய வேண்டும் என்று தெளிவாகவே கேட்கிறது. நடைமுறையில் சமதள மைதானத்தில் 'எச்' போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் நம்மில் ஏராளம். 2024-ல் கேரளப் போக்குவரத்து ஆணையர் சோதனை முறையை மாற்றிச் சுற்றறிக்கை விட்டபோது ஏற்றச் சோதனையும் அதில் இருந்தது. ஆட்டோமேட்டிக் வண்டியில் சோதனைக்கு வரக்கூடாது என்றும் இருந்தது. டிரைவிங் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின, விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. அந்தச் சுற்றறிக்கையின் மற்ற பகுதிகளைப் பற்றி யார் எப்படி வேண்டுமானாலும் வாதிடலாம். குன்றுகளின் மேல் கட்டிய ஒரு தலைநகரத்தில் ஏற்றத்தில் வண்டி எடுக்கத் தெரியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

ஊரைவிட்டுப் பொன்முடி மலைக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாகச் சில வார்த்தை. கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு நெருங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். கணினி அதைப் பார்த்து, வேகம் குறைவாகப் போதும் போலிருக்கிறது என்று கியரை மேலே ஏற்றிவிடும். வளைவின் நடுவில் மறுபடி மிதிக்கும்போது கியரை இறக்க வேண்டும். இறக்க கிளட்சைத் திறக்க வேண்டும். திறந்திருக்கும் அந்த ஒரு நொடி வண்டிக்கு இழுவையே இல்லை. ஏழு பேரோடு, ஏற்றத்தில், வளைவின் நடுவே அந்த நொடி மிக நீளமானது. எனவே மலையில் 'எம்'-க்கு மாற்றி, இரண்டாம் கியரிலோ முதல் கியரிலோ நாமே பிடித்துவைத்து ஏறுவதுதான் முறை. இறங்கும்போதும் அதே கியர். அப்போதுதான் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் எரியாது.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம்தான் மிகச் செங்குத்து. நாம் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள் என்பதால் இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் அந்தச் செங்குத்து நமக்கு வாய்க்கும். அங்கே நிற்க நேராமல் பார்த்துக்கொள்வது பாதி வெற்றி. மேலிருந்து ஒரு பஸ் இறங்குவது தெரிந்தால் வளைவுக்கு முன்னால், நேரான துண்டில், ஓரமாக நின்றுவிடலாம். குறுகிய மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதுதான் சட்டம். ஏற்றத்தில் நின்று எடுப்பதன் சிரமம் தெரிந்து எழுதிய சட்டம் அது.

திருவனந்தபுரத்து வீடுகளையும் சொல்ல வேண்டும். சாலை ஒரு மட்டம், வீட்டு முற்றம் இன்னொரு மட்டம். கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே ஒரு சாய்தளம். தினமும் மாலையில் அதில் பின்பக்கமாக, அங்குலம் அங்குலமாக ஏறுவது கிளட்சுக்குப் பொன்முடியைவிடப் பெரிய தண்டனை. பாதியில் நிறுத்தி, கண்ணாடி பார்த்து, மறுபடி ஊர்ந்து, மறுபடி நிறுத்தி என்று போனால் அத்தனை முறையும் பிளேட் வழுக்குகிறது. கேட்டை முழுதாகத் திறந்து வைத்து, யாரையாவது பின்னால் பார்க்கச் சொல்லி, ஒரே இழுப்பில் ஏறிவிடுவது நல்லது. முன்பக்கமாக ஏறி, காலையில் பின்பக்கமாக இறங்க முடிந்தால் அதைவிட நல்லது.

தேய்மானம் ஓரளவு ஆன பிறகு வண்டியே சொல்லத் தொடங்கும். ஏற்றத்தில் கிளம்பும்போது உடம்பு நடுங்கும். இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. முன்பைவிட அதிகமாகப் பின்னால் வாங்கும். இந்த நேரத்தில் நேராக கிளட்ச் மாற்றச் சொல்லிவிட வேண்டாம். கிளட்ச் பிடிக்கும் இடம் எது என்பதைக் கணினி ஒரு எண்ணாக நினைவில் வைத்திருக்கிறது. பிளேட் தேயத் தேய அந்த இடம் நகர்கிறது. கணினி பழைய இடத்தையே நம்பிக்கொண்டிருந்தால் பிடிப்பதற்குத் தாமதமாகும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை இணைத்து அதைப் புதிதாகக் கற்பிக்க முடியும். 'கிளட்ச் லேர்னிங்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அந்தப் பம்புக்கான எண்ணெய் அளவையும் பேட்டரியையும் அப்போதே பார்க்கச் சொல்லலாம். பேட்டரி தளர்ந்தால் பம்பும் தளரும். இவ்வளவும் பார்த்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் பிளேட்டின் காலம் முடிந்தது.

கடைசியாக, நிறுத்தி வைப்பது. மெடிக்கல் காலேஜைச் சுற்றியுள்ள சரிவுச் சாலைகளில் வேனை விட்டுவிட்டு மணிக்கணக்கில் வார்டில் இருக்க வேண்டியவர்களுக்கு இது முக்கியம். 'பி' உள்ள வண்டியில், கால் பிரேக்கில் இருக்கும்போதே முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பாரம் அதில் உட்கார்ந்த பிறகு 'பி' போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் மொத்தக் கனமும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கும். ஏ.எம்.டி.யில் அந்தக் கொக்கி இல்லை. ஆகவே ஹேண்ட்பிரேக்கோடு, மேல்நோக்கி நின்றால் முன் கியரிலும் கீழ்நோக்கி நின்றால் 'ஆர்'-இலும் வைத்து இன்ஜினை அணைக்க வேண்டும். 'என்'-இல் விட்டுப் போகவே கூடாது. சரிவு அதிகமென்றால் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லும் வைக்கலாம். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வர வேண்டும். இருட்டில் வரும் பைக்குக்கு நடுச்சாலைக் கல் தெரியாது.